மிக மகிழ்ச்சியான பிரிவு

மில்லிகிராம் முதன்முதலாகச் சிவப்புப் பொத்தானை அழுத்திய காலையில், திருட்டுத்தனம் செய்தவர்போல் திரும்பிப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள்.

அது ஒரு மருந்துத் தொழிற்சாலை. வருகை அட்டையைத் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எட்டு மாதத்துக்கு முன் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதில் மூன்று முகங்கள். சிரிக்கிற முகம் பச்சை, வாயைக் கோடு மாதிரி வைத்துக்கொண்ட முகம் மஞ்சள், வாய் கோணிய முகம் சிவப்பு. மேலே 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்று எழுதியிருந்தது. ஏதாவது ஒரு முகத்தை அழுத்தினால்தான் கதவு திறக்கும். ஊழியர் மனநலத் திட்டமாம். மனதை விசாரிக்கிறார்களே என்று சந்தோஷப்படுவதா, மனதைச் சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்கிறார்களே என்று நொந்துகொள்வதா என்று யாருக்கும் புரியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்தது பச்சைதான் என்பதால் எல்லோரும் பச்சையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன் விளையாட்டுக்குச் சிவப்பை அழுத்திப் பார்த்தான். அன்றைய அறிக்கையில் அவன் பிரிவுக்கு ஒரு சிவப்பு விழுந்தது; பத்து மணிக்கே மேற்பார்வையாளர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்து அவன் தோளில் கை போட்டு, "என்னப்பா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டார். அவன் அசடு வழிந்தான். அந்தக் கதை கேன்டீனில் ஒரு வாரம் ஓடியது. அதற்கப்புறம் விளையாட்டுக்குக்கூட யாரும் சிவப்பைத் தொடவில்லை.

அந்தக் கதையைக் கேட்டு மில்லிகிராமும் சிரித்தார். ஆனால் தோளில் கை போட்ட இடம் மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டது.

ஆள் ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. வேலையை வைத்து வந்த பெயர்தான் மில்லிகிராம். மாத்திரை செய்கிற ஒவ்வொரு அறையிலும் ஒரு தராசு உண்டு. காலையில் அதைச் சரிபார்க்க ஒரு பெட்டி எடைக்கற்கள் உண்டு. அந்தக் கற்களே சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பவர் இவர். கட்டடத்தின் கடைசியில், படியிறங்கிப் போனால் அவருடைய அறை. கல்மேடை மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நுண்தராசு. மின்விசிறி கிடையாது, ஜன்னல் கிடையாது. காற்று அசைந்தால் எண் ஆடும். ஆள் கிட்டே போய் நின்றால் உடம்புச் சூட்டுக்கே ஆடும். விரல் பட்டால் ரேகையின் எண்ணெய் ஒட்டி எடை கூடிவிடும் என்பதால், எதையும் கையால் தொடக் கூடாது, கையுறையும் இடுக்கியும்தான். ஒரு கல்லை வைத்துவிட்டு எண் அடங்கும்வரை மூச்சைக்கூட அளந்து விட வேண்டும். கதவில் 'எடை போடப்படுகிறது, கதவைத் திறக்காதீர்கள்' என்று ஒரு பலகை தொங்கியது. பதினோரு வருடங்களாகத் தொங்குகிறது. கழற்றி மாட்டுவதற்குச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார். கற்கள் வருவதும் போவதும் சுவரில் இருந்த சின்னத் திறப்பு வழியாகத்தான். ஸ்டோர்காரர் வெளிப்பக்கம் பெட்டியை வைத்து இரண்டு தட்டு தட்டுவார். இவர் உள்ளே எடுத்துக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற தேவையே இல்லாத ஏற்பாடு. அந்தப் பிரிவில் இருந்த மொத்த ஆளும் இவர் ஒருவர்தான்.

முன்னெல்லாம் இது அவருக்கு உறைக்கவில்லை. பகலில் பேசாததற்கெல்லாம் சேர்த்து வைத்து சாயங்காலம் மனைவி பேசுவாள். இவர் பாதி கேட்பார், பாதி கேட்டதுபோல் தலையாட்டுவார். மகளின் பிரசவத்துக்கென்று அவள் வேறு ஊருக்குக் கிளம்பினபோது, "மூணே மாசம், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். இரண்டு வருடங்களாகிவிட்டன. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையை யாரிடம் விடுவது? தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். திரையில் குழந்தை வரும், குழந்தையின் மூக்கு வரும், எப்போதாவது மனைவியின் தாடை வரும். "தாத்தாவுக்கு டாட்டா காட்டு" என்றதும் அது காட்டும். "அங்க எப்படிங்க இருக்கீங்க?" என்று கேட்பாள். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார்.

ராஜா இரவில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுப்பார். தொலைக்காட்சியை ஓடவிட்டுக்கொண்டே தூங்குவார், வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்று.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் திறப்புக்கு வெளியே ஸ்டோர்காரர், "சார், நேத்து குடுத்த பெட்டி முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று சொல்ல இவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கனைத்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது. மணியைப் பார்த்தால் பத்தே முக்கால். முந்தைய நாள் குழந்தைக்கு டாட்டா சொன்னதற்குப் பிறகு தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார், குரல் வந்துவிட்டது. ஆனால் அன்று முழுக்க அவருக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் சிவப்பை அழுத்தினார்.

பத்து மணிக்கு யாராவது வருவார்கள் என்று, நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் என்ன கேட்பார்கள், தான் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை வேறு. 'ஒண்ணுமில்ல, சும்மாதான்' என்று ஆரம்பிப்பதா, நேராகவே சொல்லிவிடுவதா? பதினொன்று ஆனது, மதியம் ஆனது, யாரும் வரவில்லை. முதல் நாள்தானே என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் சிவப்பு, மூன்றாம் நாள் சிவப்பு. பிறகு அது வைராக்கியமாகவே ஆகிவிட்டது. வருகிறார்களா இல்லையா, பார்த்துவிடுவோம் என்று.

அவர்கள் வர மாட்டார்கள். ஏன் என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்ல. நன்றாக யோசித்துத்தான் ஒரு விதி வைத்தார்கள்: ஐந்து பேருக்குக் குறைவான பிரிவு என்றால் அதன் நிறத்தை அறிக்கையில் காட்டக் கூடாது. ஆள் குறைந்தால் சிவப்பை அழுத்தியது இன்னார் என்று பளிச்சென்று தெரிந்துவிடும், நாளைக்கு அதை வைத்து யாராவது குத்திக்காட்டினால்? அதனால் எடைச் சரிபார்ப்புப் பிரிவின் வரிசை எப்போதும் வெறுமையாகவே வந்தது. கூட்டத்தில் இருப்பவன் விளையாட்டுக்கு அழுத்தினால் தோளுக்குக் கை வருகிறது; தனியாக இருப்பவன் கதறினால் அது ரகசியமாகக் காப்பாற்றப்படுகிறது. நல்ல மனது செய்கிற அநியாயத்தை என்னவென்று சொல்ல?

பதினேழாவது நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுந்திருக்க ஒரு காரணம் அகப்படவில்லை, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவும் இல்லை. தேடி ஒரு அழைப்பு வரும் என்று கைப்பேசியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு கடன் அட்டைக்காரி மட்டும் கூப்பிட்டாள். அவளிடம் இரண்டு நிமிடம் பேசினார்.

மறுநாள் போனபோது திறப்பின் வெளிப்பக்கம் மூன்று பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே ஸ்டோர்காரர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'சார், ரெண்டு தடவை தட்டினேன். எடை போட்டுட்டு இருக்கீங்க போல. வெச்சுட்டுப் போறேன்.' மில்லிகிராம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்த அறைக்குள் தான் செத்துக் கிடந்தாலும் எடை போடுவதாகத்தான் நினைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. விடுப்புக் கணக்கில் ஒரு நாள் கழிந்திருந்தது. கழித்தது கம்ப்யூட்டர். அது ஒன்றுதான் அவரைத் தேடியது.

இருபத்து இரண்டாவது நாள், ஒரு புதன்கிழமை, திறப்பு வழியாக ஒரு உறை வந்தது. உள்ளே கெட்டி அட்டையில், பொன் எழுத்தில், 'இந்தக் காலாண்டின் மிக மகிழ்ச்சியான பிரிவு: எடைச் சரிபார்ப்பு'. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கேன்டீன் கூடத்தில் பாராட்டு விழா, தாங்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஒரு கடிதம். கீழே, ஊழியர் நலனைப் பார்த்துக்கொள்ளும் வெல்ஃபேர் மேடம் கையெழுத்து.

மில்லிகிராம் மூன்று தடவை படித்தார். யாரோ கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். முத்திரையைப் பார்த்தபின் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் அதுவும் ஆறிப்போனது.

அதை மறுபடி கிளறியது சாயங்காலம் வந்த அழைப்பு. நல்ல செய்தி குடும்பத்துக்கும் தெரியட்டும் என்று, அவசரத்துக்குக் கொடுத்திருந்த எண்ணுக்கு அலுவலகம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. அது மனைவியின் எண். அன்று திரையில் குழந்தை வரவில்லை, மனைவியின் முகமே முழுசாக வந்தது. அழுதிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஏங்க, கம்பெனியிலயே நீங்கதான் சந்தோஷமான ஆளாமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

"அது வந்து..."

"எனக்கு இங்க சாப்பாடே எறங்கறதில்ல, தெரியுமா? மனுஷன ஒத்தையா விட்டுட்டு வந்துட்டமேன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இந்த மாசக் கடைசில கெளம்பி வந்துடலாம்னு டிக்கெட்கூட பாத்துட்டு இருந்தேன். இப்பதான் மனசு லேசாச்சு. அப்போ குட்டி ஸ்கூல் போற வரைக்கும் இங்கயே இருந்துடறேங்க. இன்னும் ரெண்டு வருஷம்தானே?"

வா என்று சொன்னால் போதும். ஒரே எழுத்து. ஆனால் முகம் முழுக்க நிம்மதியோடு இருக்கிற ஒருத்தியிடம் அதை எப்படிச் சொல்வது? "அதுக்கென்ன, இரு. குழந்தைதான் முக்கியம்" என்றார் மில்லிகிராம். திரை அணைந்தபின் தன் வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க யோசித்தார். மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஊரறியச் சொல்லிவிட்டால் அது வீட்டுக்கும் போய்ச் சேரும். தன் வாயால் அவளிடம் கெஞ்ச வேண்டியதில்லை. கோழைத்தனமான கணக்குதான், ஆனால் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பலூன் கட்டியிருந்தார்கள், கேக் வெட்டி வைத்திருந்தார்கள். மேனேஜர் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடாத மனிதர். "நம்ம மில்லிகிராம் சார்! சத்தமே இல்லாத மனுஷன். அவரோட சந்தோஷத்துக்கு ரகசியம் என்னன்னு எனக்குத் தெரியும். கூட வேலை பாக்க ஆளே இல்ல, அப்புறம் யார்கூட சண்டை போடறது?" என்றார். கூட்டம் சிரித்தது.

மில்லிகிராம் மேடைக்குப் போனார். தாளைப் பிரித்தார். இருநூறு முகங்களைப் பார்த்ததும் மறுபடி மடித்துவிட்டார்.

"இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு," என்றார். "நான் இருபத்து மூணு நாளா சிவப்புதான் அழுத்திட்டு இருக்கேன்."

கூடம் ஒரு நொடி அமைதியானது. இப்போது யாராவது எழுந்திருப்பார்கள் என்று அந்த நொடியில் அவர் நம்பினார். கடைசி வரிசையில் ஒருவன் குபீரென்று சிரித்தான். அவ்வளவுதான், கூடமே சிரித்தது.

"நிஜமாதான் சொல்றேன். எனக்கு இங்க ரொம்ப... இந்தப் பரிசு எனக்கு வர வேண்டியது இல்ல." அட்டையைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு கூடியது, ஒருவர் விசிலே அடித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஆறடி மனிதர் ஒருவர் இப்படிப் பேசினால், பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்? மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "இத்தன வருஷமா இவ்ளோ ஜாலியான ஆள கீழ பூட்டி வெச்சிருக்கோமேய்யா!" என்று கட்டிக்கொண்டார். இருநூறு பேர் சிரிக்கும்போது தான் மட்டும் உம்மென்று நிற்பது மரியாதையாக இருக்காது என்று மில்லிகிராமின் வாயும் விரிந்தது. அதைத்தான் புகைப்படம் எடுத்தார்கள்.

ஒரு துண்டு கேக்கைக் காகிதத் தட்டில் கொடுத்து அனுப்பினார்கள். படியிறங்கி வந்து, தின்பண்டம் உள்ளே போகக் கூடாது என்று திறப்பின் வெளிப்பக்கமே வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார். இதைவிடச் சத்தமாக எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அழுகைகூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதவு தட்டப்பட்டது.

"எடை போட்டுட்டு இருக்கேன். கதவத் திறக்காதீங்க," என்றார். யோசித்துச் சொன்னதல்ல. பதினோரு வருடப் பழக்கம், வாயே சொல்லிவிட்டது.

"சரிங்க சார். முடியட்டும்," என்றது ஒரு பெண் குரல். வெல்ஃபேர் மேடம். மகளைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். எட்டு மாதத்துக்கு முன் அந்த முகப் பெட்டியோடு சேர்ந்து வந்தவள். "நான் இங்கயே நிக்கறேன்."

வழக்கமாக அந்தப் பதிலோடு எல்லோரும் போய்விடுவார்கள். இவள் போகவில்லை. அவள் கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது. மில்லிகிராம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தராசின் தட்டு காலியாக இருந்தது. எண் பூஜ்யத்தில் இருந்தது.

"சார், நீங்க பதில் சொல்ல வேணாம், வேலையப் பாருங்க. நான் பேசறது மட்டும் கேட்டாப் போதும்," என்றாள் அவள் திறப்புப் பக்கம் வந்து. "ஒரே ஆள் இருக்கற பிரிவோட நிறம் எனக்கு வராது சார், வெறும் கட்டமாத்தான் வரும். பரிசுக்குக் கணக்கு போட்டப்போ அந்த வெறும் கட்டத்தையெல்லாம் கம்ப்யூட்டர் ஷீட்டு மஞ்சள் பூஜ்யம், சிவப்பு பூஜ்யம்னு எடுத்துக்கிச்சு. நானும் பாக்கல. மத்த பிரிவுல அங்கங்க ஒரு மஞ்சளாவது இருந்துச்சு; மஞ்சளும் சிவப்பும் இல்லாத ஒரே பிரிவுன்னு உங்க பேரு முதல்ல நின்னுச்சு. நான்தான் அந்த அட்டைய அடிக்கக் குடுத்தேன். உங்க வீட்டுக்கு மெசேஜ் போட்டதும் நான்தான்."

இவர் காலியான தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல எல்லாரும் சிரிச்சாங்க. என்னால சிரிக்க முடியல." திறப்பில் இருந்த கேக் தட்டை ஓரமாக நகர்த்தினாள். "எட்டு மாசமா இந்தப் படி எறங்கி நான் ஒரு தடவைகூட வந்ததில்ல சார். மேல் படியிலருந்தே பலகையப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன்."

பரவாயில்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் போய்விடுவாள். மன்னிப்புக் கேட்ட திருப்தியோடு படியேறிவிடுவாள், அறை பழையபடி ஆகிவிடும். எத்தனை நேரம்தான் ஒருவர் இல்லாத கல்லை எடை போடுவதாக நடிப்பது? கையுறை போடாத கையால் கல்மேடையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"அம்மா," என்றார்.

"சொல்லுங்க சார்."

"தட்டுல ஒண்ணும் இல்லம்மா. நான் எடை போடல. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

வெளியே சத்தமில்லை. போய்விட்டாளோ என்று பதறி அவரே கதவைத் திறந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வந்தாள். இரண்டாவது ஆளுக்கென்று அந்த அறையில் நாற்காலி கிடையாது. அவள் உட்காரட்டும் என்று அவர் நின்றார். அவர் உட்காராமல் அவள் உட்காரவில்லை. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"எம் பொண்டாட்டி வரேன்னு சொன்னாம்மா," என்று ஆரம்பித்தார் மில்லிகிராம். "நான்தான் வேணாம்னுட்டேன்."